கட்டடமில்லாத சாரம்

1

மூவாயிரத்து எழுநூற்று நாற்பது. சாரம் கட்டுகிறவர் தன் மச்சானுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அவ்வளவு. இந்தக் கதை அந்தப் பாக்கியிலிருந்துதான் புறப்பட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. உள்ளத்தின் குரல், உறங்கவிடாத கனவு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒரு முகாமுக்கான டிக்கெட். கேட்காமலே அதை வாங்கிவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, "அத்தான், லீவு சொல்லிடுங்க" என்றான் மச்சான். மச்சான் என்பது மனைவியின் தம்பி. லிப்ட் மெக்கானிக்.

சாரக்காரர் வேறு யாருமில்லை, இதை எழுதுகிறவர்தான். 'நான்' என்று போட்டு எழுதிப் பார்த்தார். நாலு வரிக்குள் கூச்சமாகிவிட்டது, விலைச்சீட்டைக் கிழிக்காத புதுச் சட்டையோடு தெருவில் நடப்பதைப்போல. அதனால் 'அவர்' என்றே இருக்கட்டும். எட்டி நின்று பார்த்தால்தானே நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று தெரியும்.

கதை இப்படித் தொடங்கவில்லை. முதலில் எழுதிய வரி இது:

[அதிகாலைச் சூரியன் தன் செந்நிறக் கதிர்களை வீச, அந்தப் பரந்த வெளியில் ஆயிரம் கூடாரங்கள்]

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. அந்தப் பரந்த வெளியை அவர் இன்னும் பார்த்ததில்லை. போவதற்கு ஐந்து வாரம் இருக்கிறது. பார்க்காத சூரியனுக்கு வண்ணம் அடிக்கக் கை வரவில்லை. அடுத்து எழுதியது:

[மனிதன் ஏன் பொருள்களைச் செய்கிறான்?]

இதற்குப் பதில் தெரிந்தவர் இருபத்தெட்டு வருடமாக இரும்புக் குழாய் சுமந்துகொண்டிருப்பாரா? அதுவும் போயிற்று.

விட்ட வரிகளை அழிக்காமல் வைத்திருக்கிறார். காரணம் இருக்கிறது. வரும்போது வரும்.

2

முகாம் என்றால் என்ன முகாம் என்று கேட்பீர்கள். அவரும் கேட்டார்.

"நாலு நாள், அத்தான். ஊருக்கு வெளியே ஏரிப் பக்கம் பெரிய மைதானம். எல்லாரும் கூடாரம் போட்டுத் தங்குவாங்க. கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத ஆளுங்க மொத்தமும் வரும். ஒருத்தர் பழைய வாஷிங் மெஷினைப் பாட வைப்பாரு. ஒரு அம்மா துணியிலயே லைட்டு தச்சிருப்பாங்க. ஒருத்தன் போன வருஷம் ரொட்டி வாட்டற மெஷினை வானொலியா மாத்திட்டான்."

"ரொட்டி வாட்டுமா?"

"வாட்டாது. செய்தி சொல்லும்."

"யாரு நடத்தறாங்க?"

"யாரும் இல்ல. வர்றவங்கதான். முழுக்கத் தொண்டு. ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. ஆளுக்கு ரெண்டு ஷிப்ட் வேலை பாக்கணும், அவ்வளவுதான்."

"வேலையும் பாத்து, டிக்கெட்டும் வாங்கணுமா?"

"கேட்டைக் கட்டறவரே டிக்கெட் வாங்கிட்டுத்தான் கேட்டுக்குள்ள வருவாரு."

சாரக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "இதை எங்க கான்ட்ராக்டர் காதுல போட்டுடாதே. மனுஷன் நாளைக்கே டிக்கெட் அடிச்சிடுவான்."*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கான்ட்ராக்டருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது பகுதியில் பார்க்கலாம்.

மச்சான் மூன்று வருடமாக அங்கே போகிறான். அவன் செய்து வைத்திருப்பது ஒரு சைக்கிள். மிதித்தால் பின்னாலிருந்து சோப்புக் குமிழி பறக்கும். வேகமாக மிதித்தால் சின்னக் குமிழி, மெதுவாக மிதித்தால் பெரிய குமிழி. வேறு ஒரு பயனும் இல்லை. குடும்பத்தில் அந்தச் சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் தட்டைப் பார்ப்பார்கள்.

3

டிக்கெட்டோடு ஒரு படிவம் வந்தது. கைப்பேசியில் நிரப்ப வேண்டும்.

சாரக்காரர் எழுத்துக் கற்றுக்கொண்டது நாற்பத்து நாலு வயதில், நூலகத்தின் பின்னறையில், மாலை வகுப்பில். அதற்கு முன்பெல்லாம் எந்தப் படிவம் வந்தாலும் நாலாய் மடித்துச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். மனைவி நிரப்புவாள். இப்போது அவர் யாரிடமும் காட்டாமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தானே நிரப்பினார். அந்தப் பெருமையில்தான் கோளாறு நடந்தது.

முதல் கேள்வி: எந்தெந்த நேரத்தில் உதவ விருப்பம்? கீழே இருபத்திரண்டு கட்டங்கள். வாசல், கேபிள் இழுத்தல், தண்ணீர் வண்டி, சமையல், கழிப்பறை, கடைசி நாள் பிரிப்பு வேலை.

அவர் தொழிலிடத்தில் திங்கட்கிழமை காலை ஒரு காகிதம் ஒட்டுவார்கள். அந்த வாரம் எந்த நாளெல்லாம் வர முடியும் என்று அவரவர் பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டவன் பெயர் அடுத்த திங்கட்கிழமைக் காகிதத்தில் இருக்காது. யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

இருபத்திரண்டு கட்டத்திலும் டிக் போட்டார்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு பெரிய வெற்றுப்பெட்டி. மேலே 'நான் கொண்டுவருவது' என்று அச்சடித்திருந்தது. அதில் ஒரு கோடு போட்டார். 'அனுப்பு' என்பதை அழுத்தினார். அழுத்திவிட்டு, கல்யாணப் பத்திரிகையில் பெயர் வந்தவரைப்போலக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

4

மறுநாள் மதியம், ஏழாவது மாடி உயரத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

"சார், முகாம்லேருந்து பேசறேன். கழிப்பறைக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு."

'சார்' என்றதும் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஆகாயம்தான் இருந்தது.

"சொல்லுங்கம்மா."

"அறுபத்தாறு மணி நேரம் போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"நாலு நாள்ல."

"குறைவா இருக்கா?"

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை விழுங்கும் சத்தம். "சார், சனிக்கிழமை காலைல நீங்க ஒரே நேரத்துல மூணு இடத்துல இருக்கீங்க. வாசல்ல, சமையல்ல, அப்புறம் என்கிட்ட."

"எங்க ஆள் குறையுதோ அங்க போய் நின்னுக்கலாம்னு..."

"எப்ப தூங்குவீங்க? எப்ப சுத்திப் பாப்பீங்க?"

"எதைம்மா?"

"முகாமைத்தான்!"

வாரநாளில் அந்த அம்மாள் பல் டாக்டராம். வாயைத் திற என்று சொல்லிச் சொல்லிப் பழகிய, தட்ட முடியாத குரல். "ரெண்டு ஷிப்ட் போதும். மீதியை எடுத்துடுங்க. நாங்க உதவிதான் கேக்கறோம், ஆள் எடுக்கலை. அப்புறம் ரெண்டாவது கேள்விக்கு ஒரு கோடு போட்டிருக்கீங்க. கோடுதான் கொண்டுவர்றீங்களா?"

"கொண்டுவர ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப சும்மா வாங்க. தப்பே இல்ல. பாக்கறதுக்கும் ஆள் வேணுமே. எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தி அனுப்பிடுங்க, இடம் ஒதுக்கணும்."

சும்மா வாங்க.

அவர் டப்பாவை மூடினார். ஐம்பத்தேழு வயதில் அவர் எங்கேயும் சும்மா போனதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் நாற்காலி அடுக்குவார். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலின் ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைப்பார். வேலை இருந்தால் ஓர் இடத்தில் நிற்கத் தெரியும். வேலை இல்லாமல் நாலு நாள் ஆயிரம் பேருக்கு நடுவில் கையை எங்கே வைத்துக்கொள்வது?

அன்று சாயங்காலமே மச்சானைக் கூப்பிட்டார். "டிக்கெட்டை வேற யாருக்காவது குடுத்துடு. பணத்தை நான் சம்பளத்தன்னைக்குத் தர்றேன்."

மச்சான் வழக்கமாக ஒரு கேலி சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வான். அன்றைக்குக் கேலி வரவில்லை.

"மூணு வருஷமா தனியாப் போறேன், அத்தான்" என்றான். "அங்க எல்லாரும் குடும்பத்தோட வருவாங்க. என் சைக்கிள் பின்னாடி நூறு பேரு ஓடுவாங்க. யாருப்பா இதைப் பண்ணதுன்னு கேப்பாங்க. நம்ம வீட்ல ஒருத்தர் அதைப் பாக்கணும்னு இருந்துச்சு. பணத்தை விடுங்க."

போனை வைத்துவிட்டான்.

[மச்சானின் கண்களில் நீர் துளிர்த்தது என்பதைச் சாரக்காரர் போன் வழியாகவே]

இல்லை. போன் வழியாக ஒன்றும் தெரியவில்லை. லிப்ட் கதவு மூடுகிற மணி மட்டும் கேட்டது.

5

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவிக்குப் படித்துக் காட்டினார். அவள் ஆஸ்பத்திரி சலவையகத்தில் வேலை பார்க்கிறவள். வாரம் முழுக்க நூற்றுக்கணக்கில் விரிப்பு மடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பியை ரொம்ப நல்லவனாக் காட்டிட்டீங்க."

அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கதையில் ஒருவர் இவ்வளவு நல்லவராக இருந்தால் எங்கேயோ ஒரு போல்ட் முடுக்கவில்லை என்று அர்த்தம். "வேற எப்படிக் காட்டறது?"

"என்கிட்ட வாங்கிட்டுப் போன ஹேர் டிரையரைத் திருப்பித் தரலைன்னு எழுதுங்க. அந்தச் சைக்கிள்ல குமிழி ஊதறது அதுதான். மூணு வருஷமா ஈரத் தலையோட வேலைக்குப் போறேன்."

எழுதிக்கொண்டார்.

"அப்புறம், நான் இந்தக் கதைல எங்க?"

"இதோ, அஞ்சாவது பகுதில."

"துணி மடிச்சிட்டிருக்கேன்."

"ஆமா."

"கதைலயுமா?" அவள் ஒரு தலையணை உறையை அவர்மேல் எறிந்தாள். "சரி, முகாமுக்கு ஏன் போகலை? வேலை கிடைக்கலைன்னா? வாரம் பூரா வெயில்ல குழாய் தூக்கறீங்க, லீவு போட்டு அங்கயும் போய்த் தூக்கணுமா?"

"ஏதாவது கொண்டுவரணும்னு கேக்கறாங்க. நான் என்னத்தைக் கொண்டுபோறது? நான் பண்ணது எதுவும் மிச்சம் இல்லையே. கட்டடம் முடிஞ்சா முதல்ல பிரிக்கறது என்னுதைத்தான். இந்த ஊர்ல பாதிக் கட்டடத்துக்கு நான் சாரம் கட்டியிருக்கேன். ஒண்ணுலயாவது அடையாளம் இருக்கா?"

அவள் கேட்டுக்கொண்டே ஒரு விரிப்பின் இரண்டு முனையை அவரிடம் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். இருவரும் உதறினார்கள். அந்த உதறலுக்கு நடுவில், வெங்காய விலை சொல்வதுபோல அவள் சொன்னாள்:

"உங்க சாரத்துல நான் ஒரு தடவைகூட ஏறினதில்லை."

"ஏறக் கூடாது. சைட்டுக்குள்ள வெளியாளை விட மாட்டாங்க."

"தெரியும். சும்மா சொன்னேன். தினமும் வந்து சொல்வீங்களே, தண்ணி இல்லாத நீச்சல் குளத்துக்குள்ள நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கறாரு ஒருத்தரு. மாடில தினமும் பத்து மணிக்கு ஒரு பொண்ணு டான்ஸ் ஆடிப் பழகுது. மேலேருந்து பாத்தா நம்ம தெரு பேன்ட்டுல வச்ச ஒட்டு மாதிரி இருக்கு. எல்லாம் எனக்கு மனப்பாடம். பாத்ததுதான் இல்ல."

விரிப்பை நாலாய் மடித்து அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாரக்காரர் வெறுங்கையோடு நின்றார். கதையை எழுதுகிறவரும் அங்கேதான் நின்றார். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

6

திங்கட்கிழமை கான்ட்ராக்டரிடம் போய்க் குழாய் கேட்டார்.

"எந்தக் கட்டடத்துக்கு?"

"கட்டடம் இல்ல."

"கட்டடம் இல்லாம எதுக்குய்யா சாரம்?"

"ஏறிப் பாக்கறதுக்கு."

கான்ட்ராக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் எழுபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர், குழந்தைத்தனமான வாக்கியங்கள் அவர் மேசைக்கு வருவது அபூர்வம். "எத்தனை அடி?"

"பன்னெண்டு. ரெண்டு தட்டு. ஏணி உள்பக்கமா. சுத்திக் கைப்பிடி."

"ஏறறதுக்கு டிக்கெட்டா?"

"அங்க காசு வாங்கக் கூடாதாம்."

"நாலு நாள் வேலை செய்யறதுக்கு எல்லாரும் காசு கட்டி வர்றாங்கன்னு கேள்விப்பட்டேனே, நெசமா?"

"நெசம்தான்."

கான்ட்ராக்டர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே ஏக்கத்தோடு வெளியே பார்த்தார். பிறகு, "பழைய குழாய் எடுத்துக்கோ. ஒரு கிளாம்ப் குறைஞ்சாலும் உன்னைத்தான் கேப்பேன்" என்றார்.

சாரக்காரர் பல் டாக்டருக்குப் போன் செய்தார். அந்த அம்மாள் எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஏறலாம், காற்றடித்தால் என்ன, கீழே யார் நிற்பார்கள் என்று இருபது கேள்வி கேட்டாள். இருபதுக்கும் பதில் இருந்தது. வாழ்க்கையில் எந்தத் தேர்வும் இவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை. "ரெண்டு ஷிப்ட் மட்டும்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் கடைசியில்.

"ஒண்ணு உங்ககிட்டயே, கழிப்பறைல. இன்னொண்ணு கடைசி நாள் பிரிப்பு வேலை."

"பிரிக்கறதுதான் யாருக்கும் பிடிக்காது, சார்."

"எனக்கு அதுதான் சுத்தமா வரும்."

புதன்கிழமை சாயங்காலம் மச்சான் வந்தான். கையில் ஒரு படம் வரைந்த காகிதம். செய்தி அக்கா வழியாகப் போயிருந்தது. வந்ததும் வராததுமாக, "அத்தான், ஒரு ஓரமாச் சின்னதா ஒரு லிப்ட் வைக்கட்டுமா?" என்றான்.

"வேண்டாம்."

"கையால சுத்தற லிப்ட். முட்டி வலிக்கறவங்களுக்கு."

"பன்னெண்டடிக்கு லிப்ட்டா?"

"உங்களுக்குத் தெரியாது, அத்தான். நீங்க வெளிப்பக்கமா, வெளிச்சத்துல ஏறறவரு. நான் பதினாறு வருஷமா கட்டடத்து வயித்துக்குள்ள, இருட்டுல ஏறறேன். முப்பது மாடி போயிருக்கேன், ஒரு ஜன்னல் பாத்ததில்ல. எனக்கும் அந்த மேல் தட்டுல ஒரு இடம் வேணும்."

அவர் மச்சானைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் பலமுறை வேலை பார்த்திருக்கிறார்கள். இவர் பிரித்துக்கொண்டு வெளியேறுகிற வாரம் அவன் லிப்ட்டோடு உள்ளே நுழைவான். வாசலில், "சாப்பிட்டாச்சா?" என்பதோடு சரி.

"லிப்ட் வை" என்றார். "மேலே போய் நின்னதும் குமிழி ஊதணும். அதையும் பாத்துக்கோ."

அக்கா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "டேய், எனக்கும் ஒரு டிக்கெட் போடு."

"நீ வர்றியா?"

"பின்னே? எனக்காகக் கட்டறதாச் சொல்லிட்டு என்னை வீட்ல விட்டுட்டுப் போவாரா?"

மச்சான் கைப்பேசியைத் தட்டினான். டிக்கெட் வந்தது. சாரக்காரர் மனத்துக்குள் கூட்டினார். ஏழாயிரத்து நானூற்று எண்பது. கதை வளர வளரப் பாக்கியும் வளர்ந்துகொண்டிருந்தது.

இப்போது அந்தக் காரணம். விட்ட வரிகளை ஏன் அழிக்கவில்லை என்றால், இருபத்தெட்டு வருடமும் அவர் கட்டியதைப் பிரித்து, துடைத்து, லாரியில் ஏற்றிய பிறகுதான் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டார்கள். இந்த ஒன்றிலாவது எங்கெங்கே கால் வைத்து ஏறினார் என்பது தெரியட்டும். குறுக்கே நிற்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால், தலையைக் குனிந்து போங்கள்.

7

முடிவு எழுத வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தார்.

அ) மழை. மைதானம் முழுக்கச் சேறு. சாரம் கட்ட அனுமதி இல்லை. மூவரும் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, செய்தி சொல்கிற ரொட்டி மெஷினைக் கேட்கிறார்கள். மனைவி, "பரவாயில்ல, கீழேருந்து பாத்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்கிறாள். [சோகமாக இருக்கிறது. உண்மையாகவும் நடக்கலாம். அதனாலேயே பயமாக இருக்கிறது.]

ஆ) அவள் ஏறுகிறாள். மேலே போய் நின்றதும் கூடாரங்கள், ஏரி, எல்லாம் தெரிகிறது. கீழே நிற்கும் அவர், "என்ன தெரியுது?" என்று கேட்கிறார். இருபத்தெட்டு வருடமாக அவர் சொன்னார், அவள் கேட்டாள். அன்றைக்கு அவள் சொல்ல, அவர் [இந்த வாக்கியத்தை எழுதும்போது பென்சில் முனை உடைந்துவிட்டது. வேண்டுமென்றே உடைத்ததாக நினைக்க வேண்டாம்.]

இ) அவள் ஏணியின் நாலாவது படியில் நின்று, "உயரம்னா எனக்குப் பயம்னு இப்பத்தான் தெரியுது" என்கிறாள். லிப்ட் இருக்கிறது. லிப்ட்டைச் சுற்ற வேண்டிய மச்சான், சைக்கிளில் நூறு பேர் பின்தொடர மைதானத்தின் மறுகோடியில் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறான்.

மூன்றில் எது என்று அவர் சொல்லப்போவதில்லை. ஏமாற்று வேலை என்று எண்ண வேண்டாம். முகாமுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. குழாய்கள் முற்றத்தில் அடுக்கியிருக்கின்றன. மச்சான் எடுத்துப்போக நாற்பத்தொரு பொருளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறான், அதில் சோப்பு மட்டும் ஒன்பது இடத்தில் வருகிறது. அவள் ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய விரிப்பை வாங்கிவந்து மேல் தட்டுக்கு நிழல்துணி தைக்கிறாள். அங்கே முதலில் யாரை ஏற்றுவது என்று படிக்கிற நீங்கள் முடிவு செய்யுங்கள். யாரை ஏற்றினாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன், படிவத்தை மறுபடி திறந்தார். இருபது டிக்கை எடுத்தார். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் திங்கட்கிழமைக் காகிதம் ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டார். இரண்டாவது பெட்டியில், அச்சடித்த வார்த்தைகளுக்குக் கீழே எழுதினார்:

'நான் கொண்டுவருவது: பன்னிரண்டடி உயரத்துக்கு ஒரு சாரம். பின்னால் கட்டடம் இல்லை. ஏறிப் பார்க்கலாம்.'

அனுப்பினார்.

சம்பள நாளில் பணத்தை எண்ணி, ஒரு கவரில் போட்டு மச்சானிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. மேசைமேல் கிடந்த இந்தத் தாள்களை எடுத்து நின்றபடியே படித்தான். நல்லவனாகக் காட்டிய இடத்தில் சிரித்தான். ஹேர் டிரையர் வந்த இடத்தில் அக்காவைப் பார்த்தான். பிறகு அவர் காதிலிருந்த பென்சிலை உருவி, முதல் பக்கத்துக்குத் திருப்பி, முதல் வரியில் இருந்த தொகையின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தான். ஓரத்தில் எழுதினான்: 'மேல் தட்டுல எனக்கு இடம். பாக்கி இல்லை.'

மனைவி அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள். அவன் எழுதியதைப் படித்தாள். அதற்குக் கீழே, விரிப்பு மடிக்கிற நிதானத்தோடு, அவளும் ஒரு வரி எழுதினாள்:

'ஹேர் டிரையரும் போகட்டும்.'